கண்ணல்ல, கண்டு

ஞாயிற்றுக்கிழமைகளில் முந்தலுக்கு வரும் பஸ் தரிப்பிடத்தில் நிற்பதில்லை. இஸ்ஸதீனின் தென்னந்தோட்ட வாசலில்தான் நிற்கும். பாதி பஸ் அங்கேயே காலியாகும். பிள்ளையை இடுப்பில் வைத்தவர்கள், வாப்பாவைக் கையில் பிடித்தவர்கள், சோற்றுப் பார்சலும் தண்ணீர்ப் போத்தலுமாகக் குடும்பத்தோடு வந்தவர்கள் எல்லாரும் இறங்குவார்கள். பக்கத்து வளவுக்காரர் தன் வேலியைப் பிரித்து வாகனம் நிறுத்த இடம் விட்டிருந்தார். எதிர்ப்பக்கம் தேத்தண்ணிக் கடைகள் வந்துவிட்டன. வேறு எது வளராவிட்டாலும் அந்தத் தோட்டத்தைச் சுற்றிக் கடைகள் வளர்ந்ததை யாரும் மறுக்க முடியாது.

எல்லாரும் வந்தது ஒரே காரியமாக. கண் வளர்க்க.

பிறக்கும்போதே ஒரு கண் சிறுத்துப் பிறக்கும் பிள்ளைகள் உண்டு. அப்படிப்பட்ட கண்ணைப் பெரிதாக்கிக் காட்டுவேன் என்றுதான் இஸ்ஸதீன் தொடங்கினார். ஊருக்கு ஒரு பிள்ளைகூட அப்படி இராது, அதை வைத்துக் கூட்டம் சேருமா என்று கேட்கலாம். சேர்ந்தது. வரிசையில் நின்றவர்கள் ஒருவர் கண்ணை ஒருவர் உற்றுப் பார்த்தார்கள். உற்றுப் பார்த்தால் யாருக்குத்தான் இரண்டு கண்ணும் ஒரே அளவு? துணைக்கு வந்தவர்கள் நோயாளிகளாகித் திரும்பினார்கள். அடுத்த கிழமை அவர்கள் துணைக்கு ஆள் கூட்டி வந்தார்கள்.

இஸ்ஸதீன் அதற்கு முன்பு தென்னங்கண்டு விற்றவர். அவரிடம் வாங்கிய கண்டுகள் பெரும்பாலும் பட்டுப்போயின. வாங்கியவர்கள் வாசலில் வந்து நின்று வாய்க்கு வந்தபடி ஏசினார்கள். மனிதர் நொந்துபோய் வைத்தியத்துக்கு மாறிப் பரியாரி ஆனார். கண் வளராதவர்கள் ஒருவர்கூட வந்து ஏசவில்லை. குற்றம் தங்கள் மேல்தான் என்று தலையைக் குனிந்துகொண்டு போனார்கள். தென்னங்கண்டு வியாபாரத்தில் இவ்வளவு நல்ல வாடிக்கையாளர்கள் கிடைப்பதில்லை.

அவருடைய வைத்தியம் முழுவதும் ஒரே ஒரு சொல்லில் அடங்கியிருந்தது.

"கண் எண்டு சொல்றதுதான் பிழை," என்பார். "சின்னதா இருந்தா அது கண் இல்ல. கண்டு. தென்னங்கண்டு, வாழக்கண்டு, மொளகாக்கண்டு. கண்டு எண்டா வளருமா, வளராதா?"

"வளரும்!" என்று கூட்டம் சொல்லும். வெங்காயமும் மிளகாயும் தென்னையும் போட்டுப் பிழைக்கிற சனங்கள். கண்டு வளரும் என்பதில் அவர்களுக்குச் சந்தேகம் வருமா?

அவருடைய உதவியாளன் நஜாத் மைக்கைப் பிடித்து மேலும் விளக்குவான். கொழும்பு டொக்டர்மாருக்கு இந்த இரகசியம் பிடிபடாததற்குக் காரணம் அவர்கள் இங்கிலீசில் படித்ததுதானாம். இங்கிலீசில் கண்ணுக்கு ஒரு சொல், கண்டுக்கு வேறொரு சொல். பாவம், அவர்கள் என்ன செய்வார்கள்?

பரியாரி காசு கேட்க மாட்டார். கையால் தொடக்கூட மாட்டார். "கண்ணுக்கு ஒரு கண்டு" என்பதுதான் சட்டம். வருகிற ஒவ்வொருவரும் அவருடைய தோட்டத்திலிருந்து ஒரு தென்னங்கண்டை எடுத்துப்போய் நட வேண்டும். அது வளர வளரக் கண்ணும் வளரும். அதன் விலையை நஜாத்திடம் தனியாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். கண்டு பட்டுப்போனால் தண்ணீர் ஊற்றாதவரின் குற்றம், புதிதாக ஒன்று எடுக்கலாம். முன்பு யாரும் வாங்காமல் தோட்டத்து மூலையில் மஞ்சள் பூத்துக் கிடந்த கண்டுகளுக்கெல்லாம் இப்போது வரிசை நின்றது.

குறிஞ்சிப்பிட்டி நுஸ்ராவும் அந்த வரிசையில் நின்றவள்தான். அவளுடைய மகள் ஷஸ்னாவுக்கு இடது கண் பயறளவு. இமைகள் இருந்தன, மயிர் இருந்தது, உள்ளே கண் மட்டும் ஏதோ மறந்துவிட்டுப் பாதியில் நின்றதுபோல இருந்தது. வலது கண் நல்ல கண். அந்த ஒரு கண்ணால்தான் பிள்ளை உம்மாவைத் தேடிப் பிடித்துச் சிரித்தாள்.

கொழும்பில் டொக்டர் எல்லாவற்றையும் பொறுமையாகச் சொன்னார். வயிற்றில் பிள்ளை உருவாகும்போது இந்தக் கண்ணின் வளர்ச்சி ஆரம்பத்திலேயே நின்றுவிட்டது. யாருடைய குற்றமும் இல்லை. இந்தக் கண்ணுக்குப் பார்வை வராது. ஆனால் கண் வளராவிட்டால் கண்குழியும் வளராது, கண்குழி வளராவிட்டால் முகம் ஒரு பக்கமாகச் சுருங்கிப்போகும். அதற்காக இமைகளுக்குள்ளே ஒரு சின்னப் பிளாஸ்டிக் ஓடு வைத்தார்கள். பிள்ளை வளர வளர ஓட்டையும் பெரிதாக மாற்ற வேண்டும். பிறகு கண்போலவே நிறம் தீட்டிய ஓடு வைக்கலாம். நல்ல கண்ணைத்தான் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொள்ள வேண்டும், பிள்ளைக்கு இருப்பது அது ஒன்றுதான் என்றும் சொன்னார்.

நுஸ்ராவுக்கு எல்லாம் விளங்கியது. பஸ் பாலாவி சந்தியைத் தாண்டியபோது விளங்கியதில் பாதி போய்விட்டது. வீட்டு வாசலில் மாமியின் முகத்தைப் பார்த்ததும் மீதியும் போய்விட்டது.

மாமி மர்ளியா கெட்ட மனுசி அல்ல. பேத்திமேல் உயிரையே வைத்திருந்தாள். அவளுக்கு விளங்காதது ஒன்றே ஒன்றுதான். "யார்ட குத்தமும் இல்லாம ஒரு காரியம் எப்பிடி நடக்கும்?"

ஊருக்கும் அதே கேள்வி. குற்றவாளி இல்லாத கதையை யார் கேட்பார்கள்? பார்க்க வந்த பெண்கள் ஒவ்வொருத்தியும் ஒரு கேள்வியைக் கொண்டுவந்தாள். கிரகணத்தன்று வெளியே போனாளா? வயிற்றோடு இருக்கும்போது மீன் வெட்டினாளா? மீன்கண்ணைத் தோண்டினாளா? குறிஞ்சிப்பிட்டியில் மீன் வெட்டாமல் பிள்ளை பெற்ற பெண் ஒருத்தியும் கிடையாது. கேள்வி கேட்டவர்களும் வெட்டியவர்கள்தான், அவர்களுடைய பிள்ளைகள் எல்லாரும் கண்ணை முழித்துக்கொண்டு தெருவில் ஓடித் திரிகிறார்கள். ஆனால் அதை யோசிக்க ஒருத்திக்கும் நேரம் இல்லை. நுஸ்ராவுக்கும் இல்லை. அவள் தன் கையைப் பார்த்தாள், கத்தியை நினைத்தாள், அழுதாள். தன் பிள்ளையின் கண்ணைத் தானே வெட்டி எறிந்துவிட்டதாக உண்மையிலேயே நம்பினாள்.

ஊர்ப் பள்ளி மௌலவி வெள்ளிக்கிழமைக் குத்பா உரையில், நோய்க்கு மருந்து தேடுங்கள், மந்திரக்காரரைத் தேடாதீர்கள் என்று தெளிவாகச் சொன்னார். மௌலவிக்கு வயது போதாது என்று பெரியவர்கள் முடிவு செய்தார்கள்.

அப்படித்தான் நுஸ்ரா முந்தலுக்கு வந்தாள். பரியாரி பிள்ளையின் முகத்தை ஒரு பழுப்புத் துணியால் மூடி முணுமுணுத்தார். கீழே ஒரு பீங்கான் கோப்பையில் தேங்காய்ப்பால். துணியை மெல்ல உதறினார். கோப்பைக்குள் வெள்ளைப் புழுக்கள் விழுந்து நெளிந்தன.

"வேர்ப்புழு," என்றார். "கண்டுட வேரத் திண்டுட்டிருந்திரிக்கி."

நுஸ்ரா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பக்கத்தில் நின்ற மீன்காரி ஒருத்தி எட்டிப் பார்த்தாள். "இது கருவாட்டுப் புழு மாதிரியெல்லுவா இரிக்கி?" என்றாள்.

கூட்டத்தில் இரண்டு மூன்று தலைகள் கோப்பைக்கு மேல் குனிந்தன. பரியாரி அசரவே இல்லை. நுஸ்ராவின் பக்கம் திரும்பினார். "வகுத்தில புள்ள இரிக்கக்குள்ள கருவாடு திண்டீங்களா மகள்?"

"திண்டன்," என்றாள் நுஸ்ரா. அந்தக் கரையில் யார் தின்னவில்லை?

"ஆ! அதுதான்." கூட்டம் பெருமூச்சு விட்டது. மோசடியைக் காட்டிக்கொடுத்திருக்க வேண்டிய புழு வைத்தியத்துக்குச் சாட்சியாகிவிட்டது. முதலில் கேட்ட மீன்காரி எல்லாருக்கும் முன்னால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பிறகு பரியாரியின் பார்வை பிளாஸ்டிக் ஓட்டில் விழுந்தது. "இதென்ன? கண்டுக்கு மேல கல்ல வெச்சா மொளைக்குமா?" மர்ளியா, "அதானே!" என்றாள். ஓட்டை நுஸ்ரா தன் கையாலேயே எடுத்தாள். பஞ்சில் சுற்றி வீட்டு அலுமாரிக்குள் வைத்தாள். கொழும்பு கிளினிக்குக்குப் போகவேண்டிய நாள் வந்தது, போனது. இன்னொரு நாளும் வந்தது, போனது.

வீட்டு முற்றத்தில் நட்ட தென்னங்கண்டு நன்றாக வேர் பிடித்துப் புது ஓலை விட்டது. கண் ஒன்றும் விடவில்லை. டொக்டர் சொன்னதுபோலப் பிள்ளையின் இடது பக்க இமை உள்ளே இழுபடத் தொடங்கியிருந்தது. நுஸ்ரா அதைக் கவனித்தாள், விரலால் இமையை நீவிவிட்டாள். மர்ளியாதான் பரியாரியிடம் நேரே கேட்டாள். "கண்டு வளருது பரியாரி. கண் ஏன் வளரல்ல?"

பரியாரி ஷஸ்னாவின் முகத்தை நெடுநேரம் பார்த்தார். "பக்கத்தில பெரிய மரம் நிக்கிது. அது நெழல் போட்டா சின்னக் கண்டு எப்பிடி வளரும்?" என்று நல்ல கண்ணைச் சுட்டினார். "அடுத்த ஞாயிறு வாங்க. இதுக்கு வெங்காயமும் வேரும் இடிச்ச சாறு விட்டு, கொஞ்ச நாளைக்குத் துணியால கட்டி வெக்கோணும். இது அடங்கினா அது வளரும்."

நுஸ்ரா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள். பிள்ளைக்கு இருப்பது அது ஒன்றுதான் என்ற டொக்டரின் குரல் எங்கிருந்தோ வந்தது. கட்டாரிலிருந்த கணவன் முபாரிஸுக்கு வீடியோவில் அழைத்து அழுதாள். அவன் உம்மாவைக் கேட்டான். உம்மா பரியாரியைச் சொன்னாள். "உம்மா சொல்றதக் கேளு நுஸ்ரா, பெரியவங்களுக்குத் தெரியும்," என்று சொல்லி அவன் வேலைக்குப் போனான். அவன் அங்கே வேலை செய்வது ஓர் ஆஸ்பத்திரியில். அது வேறு விஷயம்.

அந்தக் கிழமைதான் முபாரிஸின் தங்கை ஃபஹ்மியாவுக்குக் கலியாணம். மணப்பெண்ணைச் சோடிக்கச் சிலாபத்திலிருந்து டயனா மிஸ் வந்திருந்தாள். அந்தக் கரையில் பணக்கார மணப்பெண்கள் எல்லாரும் டயனா மிஸ்ஸின் கையால் சோடித்துத்தான் மேடை ஏறுவார்கள். கத்தோலிக்கப் பெண், நாற்பதைத் தொட்ட வயது, மை தீட்டிய பெரிய கண்கள். யாரையாவது பார்க்க வேண்டுமென்றால் கழுத்தோடு முழு முகத்தையும் திருப்பித்தான் பார்ப்பாள். அது ஒரு ஸ்டைல் என்று ஊர்ப் பெண்கள் பழகிப் பார்த்தார்கள்.

"மிஸ், ஒங்கட கண் மாதிரியே எனக்கும் வரஞ்சி தாங்க," என்றாள் ஃபஹ்மியா.

"என்ட கண் மாதிரி வேணாம். உங்கட கண்ணே வடிவு," என்று சிரித்தாள் டயனா.

அப்போதுதான் நுஸ்ராவின் மடியிலிருந்த ஷஸ்னாவைப் பார்த்தாள். கையிலிருந்த பிரஷ்ஷை வைத்துவிட்டு எழுந்து வந்தாள். பிள்ளையின் இடது இமையைப் பெருவிரலால் மெல்லத் தூக்கிப் பார்த்தாள். யாரும் அவளிடம் அப்படிப் பார்க்கச் சொல்லவில்லை.

"ஓடு வைக்கல்லையா?" என்று கேட்டாள்.

நுஸ்ரா திடுக்கிட்டாள். குறிஞ்சிப்பிட்டியில் ஓடு என்றால் கூரையில் போடுவது. இந்த ஓட்டைப் பற்றி இவளுக்கு எப்படித் தெரியும்? மெல்லிய குரலில் எல்லாவற்றையும் சொன்னாள். கண்டு, கருவாடு, புழு, வரப்போகும் ஞாயிறு, வெங்காயச் சாறு. சொல்லும்போதே அவளுக்கு அது ஒரு மாதிரி இருந்தது. வரிசையில் நிற்கும்போது நல்லதாகக் கேட்ட கதை, பவுடர் வாசமடிக்கும் அறையில் நல்லதாகக் கேட்கவில்லை.

டயனாவின் முகம் சிவந்தது. "நல்ல கண்ணில சாறு விடப்போறாரா? தங்கச்சி, உங்களுக்கு விசரா?"

"மாமி சொன்னா..."

மர்ளியா வாசலில் வந்து நின்றாள். "எங்கட புள்ளைக்கி நல்லது எங்களுக்குத் தெரியும் மிஸ். பரியாரிட கையால புழு விழுந்தத என்ட ரெண்டு கண்ணால பாத்தன்."

டயனா பிரஷ்ஷை மறுபடியும் கையில் எடுத்தாள். "அப்ப எனக்கும் அவரைக் காட்டுங்க மாமி," என்றாள் அமைதியாக. "நான் சொன்னா நீங்க நம்ப மாட்டீங்க. ஞாயித்துக்கிழமை நானும் வாறன். எனக்கும் கண்ணில ஒரு குறை இருக்கு."

மர்ளியாவுக்கு மகிழ்ச்சி. சிலாபத்துப் பெரிய மிஸ்ஸே வருகிறாளாம்! அன்று மாலைக்குள் ஊர் முழுவதும் தெரிந்துவிட்டது. பரியாரியின் புகழ் இன்னும் ஒரு சுற்றுப் பெருத்தது.

ஞாயிறு காலை முந்தலில் வழக்கத்தைவிட அதிகக் கூட்டம். பிளாஸ்டிக் கதிரைகள் போதாமல் தென்னை மரங்களில் சாய்ந்து நின்றார்கள். பரியாரிக்கு முன்னால் மேசையில் தேங்காய்ப்பால் கோப்பை. பக்கத்தில் ஒரு சின்னச் சட்டியில் இடித்து வைத்த பச்சைச் சாறு. அந்தச் சட்டியைப் பார்த்ததும் நுஸ்ரா ஷஸ்னாவை இன்னும் இறுக்கிக்கொண்டாள். சாற்றின் காரம் அவளுக்கே கண்ணைக் கரித்தது. பிள்ளை அந்தக் கூட்டத்தை ஒற்றைக் கண்ணால் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"உங்கட முறைக்கு முந்தி நான் போறன்," என்று டயனா எழுந்து கதிரையில் அமர்ந்தாள்.

"என்ன கொற மகள்?" என்றார் பரியாரி.

"பிறந்ததில இருந்து ஒரு கண் சின்னன், பரியாரி."

கூட்டம் எட்டிப் பார்த்தது. மை தீட்டிய இரண்டு பெரிய கண்கள். பரியாரியும் பார்த்தார். "எந்தக் கண்?"

"அது உங்களுக்குத் தெரியும்தானே? இத்தனை பேருக்கு நீங்கதானே பாத்துச் சொல்றீங்க."

சிலர் சிரித்தார்கள், பெருமையாகத்தான். பரியாரி குனிந்து இரண்டு கண்ணையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு நிமிர்ந்தார். "வலது கண். மகள் சோடிச்சி மறைச்சி வெச்சிரிக்கிறா. எனக்கிட்ட மறைக்கேலா. இடது கண் நல்ல மரம். காய் புடிக்கிற மரம்."

நஜாத் அதை மைக்கில் திருப்பிச் சொன்னான். கூட்டம் தலையாட்டியது.

"ஆனா பரியாரி, இடதுதான் உறுத்துது. முதல்ல அதில ஒருக்காப் பாருங்களேன்."

வைத்தியம் கேட்டு வந்தவளுக்கு இல்லை என்று சொல்லும் பழக்கம் பரியாரிக்குக் கிடையாது. "ஒரு மரத்தில புழு வந்தா மத்த மரத்துக்கும் வரும்தான்," என்று பழுப்புத் துணியை எடுத்தார். டயனாவின் முகத்தில் போட்டார். கண்ணை மூடி முணுமுணுத்தார். உதறினார். தேங்காய்ப்பாலில் புழுக்கள் நெளிந்தன. முன்வரிசைப் பெண்கள் வாயில் கையை வைத்தார்கள். மர்ளியா நுஸ்ராவை முழங்கையால் இடித்து, "பாத்தியா?" என்றாள்.

டயனா கோப்பைக்குள் பார்த்தாள். "இது என்ட இடது கண்ணுக்குள்ள இருந்துதான் வந்திச்சா பரியாரி?"

"ஓம் மகள். வேரில இருந்து வந்த."

"பின்னால நிக்கிறவங்களுக்குக் கேக்கல்ல. மைக்கில ஒருக்காச் சொல்லச் சொல்லுங்க."

நஜாத் உற்சாகமாகச் சொன்னான். "சிலாபம் டயனா மிஸ்ட இடது கண்ணில இருந்து, வேரில இருந்து, உயிரோட புழு!"

டயனா தான் கொண்டுவந்த கொதித்தாறிய தண்ணீர்ப் போத்தலைத் திறந்து கைகளைக் கழுவினாள். கீழ் இமையை ஒரு விரலால் இழுத்தாள். இன்னொரு விரலை வைத்தாள். இடது கண் கழன்று அவள் உள்ளங்கையில் வந்தது. அதைப் பரியாரியின் கோப்பைக்குப் பக்கத்தில் மேசையில் வைத்தாள்.

வெள்ளை விழி, கபில நிறப் பாவை, மெல்லிய செந்நரம்புகள். உள்ளே குழிந்த ஓர் ஓடு. அது தென்னை உச்சியைப் பார்த்துக்கொண்டு கிடந்தது.

முன்வரிசைக் கதிரைகள் பின்னால் நகர்ந்தன. பிறகு பின்னாலிருந்த ஒரு வயதாளி இரண்டு கையையும் தூக்கிக் கத்தினார். "பரியாரி கண்ணையே கழட்டி எடுத்துட்டாரு!"

கூட்டம் கைகொட்டி ஆர்ப்பரித்தது. நஜாத்தும் பழக்க தோசத்தில் மைக்கை வாய்க்குக் கொண்டுபோனான். "இன்றைய அற்புதம்..." என்று தொடங்கிப் பரியாரியின் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினான். கைகொட்டாத ஒரே ஆள் பரியாரிதான்.

நுஸ்ரா மேசையைப் பார்க்கவில்லை. டயனாவின் முகத்தைப் பார்த்தாள். ஓடு இருந்த இடத்தில், இமைகளுக்கு நடுவே, பயறளவு கண் ஒன்று இருந்தது. ஷஸ்னாவின் கண். அச்சாக அதே கண். அவள் ஷஸ்னாவின் முகத்தைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தாள். இவ்வளவு நாளும் இந்த உலகத்தில் தன் பிள்ளைக்கு மட்டும்தான் இப்படி என்று நினைத்திருந்தாள்.

"இது கழட்டினது நான்," என்றாள் டயனா, மைக் தேவைப்படாத குரலில். "இது பிளாஸ்டிக். கொழும்பில செஞ்சது. இதுக்குள்ள புழு எப்பிடி வந்திச்சு பரியாரி?"

பரியாரி துணியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "புழு எதையும் திங்கும். பிளாஸ்டிக்கையும் திங்கும்."

நம்பினால் நம்புங்கள், இரண்டு பேர் தலையாட்டினார்கள்.

"சரி. அப்ப வலது கண்ணிலதான் குறை எண்டு சொன்னீங்களே, அதில இருக்கிற புழுவை எடுங்க. இதைக் கொண்டு." டயனா தன் கைப்பையிலிருந்து சலவை செய்த, முகம் துடைக்கும் லேஞ்சி ஒன்றை எடுத்து நீட்டினாள். தேங்காய்ப்பாலைக் கீழே ஊற்றிவிட்டுக் கோப்பையில் வெறும் தண்ணீர் விட்டாள். "உங்கட துணி வேணாம். என்ட லேஞ்சி, வெறும் தண்ணி. அவ்வளவுதான்."

"வேற துணி சரிவராது. இது ஓதின துணி."

அப்போது மர்ளியா எழுந்தாள். அவள் எழுந்தது பரியாரிக்கு உதவி செய்யத்தான். அவளுடைய மானமும் அந்தத் துணியில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. "அப்ப நீங்க ஓதுங்க பரியாரி. துணிய நான் புடிக்கிறன். இவக்குக் காட்டுவம்."

"வேணாம்."

"ஏன் வேணாம்? தாங்க!"

"பொம்புளையள் தொடக்கூடாது!"

அவள் அதற்குள் ஒரு முனையைப் பிடித்துவிட்டாள். குறிஞ்சிப்பிட்டியில் மர்ளியா பிடித்ததை யாரும் திருப்பி வாங்கியதில்லை. பரியாரி இழுத்தார், அவள் இழுத்தாள். துணியின் தடித்த ஓரம் பிரிந்தது. அதற்குள்ளிருந்து சின்னப் பொலித்தீன் பை ஒன்று மேசையில் விழுந்து வாய் திறந்தது. புழுக்கள் ஊர்ந்து வெளியே வந்தன. அவற்றுக்குச் சாப்பாடாக உள்ளே ஒரு துண்டும் வைத்திருந்தார்கள்.

மர்ளியா அதை எடுத்து மோந்து பார்த்தாள்.

"சூடக் கருவாடு," என்றாள்.

பரியாரி எழுந்தார். நடுப்பகல் லுஹர் தொழுகைக்கு நேரமாகிவிட்டது என்றார். வெயில் இன்னும் தென்னை மட்டத்துக்குக்கூட வரவில்லை. யாரும் வழிவிடாததால் பின்பக்க வேலியைத் தாண்டிப் போனார். நஜாத் மைக்கை அணைக்க மறந்துவிட்டு ஓடினான். அதனால் கூட்டம் அவரை ஏசிய ஏச்செல்லாம் சந்திவரை தெளிவாகக் கேட்டது.

டயனா ஓட்டைக் கொதித்தாறிய தண்ணீரில் கழுவினாள். எல்லாரும் பார்க்க இமையைத் தூக்கி உள்ளே வைத்தாள். மறுபடியும் இரண்டு பெரிய கண்கள். நுஸ்ரா அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"மிஸ், எனக்கிட்டயாவது மொதல்லயே சொல்லியிரிக்கலாமே?"

"சொன்னா மாமி அது வேற கண், இது வேற கண் எண்டிருப்பா. தங்கச்சி, எனக்கு ஓடு வெச்சது நான் தவழ முந்தி. என்ட அம்மா ஒரு மாசமும் தவறாமக் கொண்டு போனா. அதாலதான் இந்த முகம் இப்பிடி. உங்கட பிள்ளைக்கும் காலம் இருக்கு. ஆனா நிறைய இல்ல."

"மீன் வெட்டினதால இல்லையா மிஸ்?"

"எங்கட அம்மா ஆசிரியை. மீன் எண்டா பக்கத்திலயே போக மாட்டா."

நுஸ்ரா அழுகைக்கு நடுவே சிரித்துவிட்டாள். பிள்ளை பிறந்த நாள் தொடக்கம் நெஞ்சில் கிடந்த கத்தி அந்த இடத்திலேயே கழன்று விழுந்தது.

இதற்குள் டயனாவைச் சுற்றி ஒரு கூட்டம். ஒரு தாய் தன் மகனை முன்னால் தள்ளினாள். "மிஸ், நீங்க ஒருக்கா இவன்ட கண்ணில கை வெச்சிப் பாருங்களேன்."

"நான் பொண்ணு சோடிக்கிறவ. டொக்டரிட்டக் கொண்டு போங்க."

"எந்த நாள்ல போனா நல்லம் மிஸ்?"

டயனா கழுத்தோடு முகத்தைத் திருப்பி அவளை முழுவதுமாகப் பார்த்தாள். "கண் இருக்கிற நாள்ல," என்றாள்.

கொழும்பில் டொக்டர் முதலில் வலது கண்ணைத்தான் பார்த்தார். சின்ன டோர்ச்சை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அசைத்தார். ஷஸ்னாவின் கண் வெளிச்சத்தின் பின்னாலேயே போனது. "இதில ஒண்டும் விடல்லையே?" என்று கேட்டார். இல்லை என்றாள் நுஸ்ரா. டொக்டர் விட்ட மூச்சு அவளுக்கும் கேட்டது. இடது கண்ணுக்குப் பழைய ஓடு பொருந்தவில்லை. குழி சுருங்கியிருந்தது. அதைவிடச் சின்ன ஓட்டிலிருந்து மறுபடியும் தொடங்க வேண்டியிருந்தது. பிள்ளை வீரிட்டு அழுதாள். முகம் சரியாக வருமா என்று நுஸ்ரா கேட்டாள். முயற்சி செய்வோம், வீணான மாதங்களைத் திருப்பித் தர முடியாது என்றார் டொக்டர். யார் ஓட்டை எடுத்தது என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று கூட வந்திருந்த மர்ளியாவின் முகம் சொன்னது.

அடுத்த முறை ஓடு மாற்றப் போனபோது மர்ளியாவே பேத்தியைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தாள். கிளினிக் வாசலில் பெரிய வரிசை. பக்கத்துக் கதிரையில் இருந்த ஒரு பெண்ணின் மடியிலும் ஒரு கண் சிறுத்த பிள்ளை. அந்தப் பெண் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு மர்ளியாவின் காதுக்குப் பக்கத்தில் வந்தாள்.

"மாமி, இங்க சும்மா அலையிறது. எங்கட ஊர்ப் பக்கம் ஒரு அம்மா இருக்காவாம். கண்ணுக்கு நூல் கட்டுறாவாம். கட்டினா கண் தன்ட பாட்டில பெருசா வருதாம். ஆயிரக்கணக்கில சனம் போகுதாம். அவ்வளவு சனமும் பொய்யா சொல்லும்?"

மர்ளியா அவளை ஏசவில்லை. அவளுடைய பிள்ளையின் கன்னத்தைத் தொட்டாள். பிறகு தன் மடியிலிருந்த ஷஸ்னாவைச் சரியாக இருத்திக்கொண்டு சொன்னாள்.

"மகள், என்ட பேத்திக்கி ஒரு கண்தான் சின்னன். எனக்கி ரெண்டும் பெருசு, ஒண்டாலயும் ஒண்டும் தெரியல்ல. எனக்குப் பக்கத்தில நிண்ட அவ்வளவு சனத்துக்கும் தெரியல்ல. புள்ளய டொக்டருக்குக் காட்டுங்க. அந்த அம்மாட்டப் போகத்தான் வேணுமெண்டா, மொதல்ல ஒங்கட கண்ணக் காட்டிட்டுப் போங்க."